பாஸ் போடுங்க, ஆனா பொய் மார்க் போடாதீங்க: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும், வட சென்னைல இருக்கற அரசு, மாநகராட்சி, உதவி பெறும் ஸ்கூல் ஹெச்எம்களுக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைல சாயங்கால ட்யூஷன் எடுக்கறேன், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும். காசிமேடு, கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டைல இருந்து பசங்க வராங்க. கடலுக்குப் போறவங்க, ஹார்பர்ல லோடு ஏத்தறவங்க, ஆட்டோ ஓட்டறவங்க, நாலு வீட்ல வேலை செய்யறவங்க, இவங்களோட பிள்ளைங்க. முதல்லயே ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்தை எடுத்தாலே "அப்ப குழந்தைங்கள ஃபெயில் பண்ணச் சொல்றியா"ன்னுதான் முதல்ல கேக்கறாங்க. இல்லைங்க. எட்டாவது வரைக்கும் யாரையும் அதே கிளாஸ்ல உக்கார வைக்கக் கூடாதுங்கறதுல நான் உங்க பக்கம்தான். 2019ல அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வுன்னு அரசாணை வந்தப்ப எங்க ஏரியா அம்மாக்களோட சேர்ந்து நானும் எதிர்த்தேன், 2020 பிப்ரவரில அதை வாபஸ் வாங்கினப்ப மனசாரச் சந்தோஷப்பட்டேன். 2024 டிசம்பர்ல மத்திய அரசு அவங்க நடத்தற ஸ்கூல்கள்ல அஞ்சாவது, எட்டாவதுல ஃபெயில் போடலாம்னு மாத்தினப்ப நம்ம அமைச்சர் "தமிழ்நாட்ல அது கிடையாது"ன்னு சொன்னாரு, அதையும் சரின்னுதான் சொல்றேன். ஃபெயில் ஆன பையன் எங்க ஊர்ல மறுபடி ஸ்கூலுக்கு வர மாட்டான், மறுநாளே போட்லயோ லேத்துலயோ லோடு வண்டியிலயோ ஏறிடுவான், பொண்ணுன்னா வீட்ல உக்கார வெச்சு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. இதெல்லாம் உங்களை விட எங்களுக்கு நல்லாவே தெரியும்.

நான் கேக்கறது வேற. அடுத்த கிளாஸுக்கு அனுப்பறது ஒரு விஷயம், அவன் என்ன கத்துக்கிட்டான்னு ரேங்க் கார்டுல எழுதறது இன்னொரு விஷயம். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, பாஸ் போடணும்னா மார்க்கும் போட்டாகணும்னு ஆக்கி வெச்சிருக்கோமே, அதைத்தான் நிறுத்தச் சொல்றேன்.

ஒரு பையனைப் பத்திச் சொல்றேன். ஒன்பதாவது படிக்கிறான், அப்பா விசைப்படகுல போறவரு. எட்டாவது ரேங்க் கார்டுல கணக்குல பி1, அதாவது 71ல இருந்து 80க்குள்ள மார்க். நான் போர்டுல 612ஐ 6ஆல வகுன்னு எழுதிக் குடுத்தேன். 12ன்னு எழுதினான். ஆறுல ஆறு ஒரு தடவை, ஒண்ணுல ஆறு போகாது, அதனால அடுத்த நம்பரை எறக்கிட்டான், 12ல ரெண்டு தடவை, முடிஞ்சுது. நடுவுல பூஜ்யம் போடணும்னு யாரும் அவனை நிறுத்திச் சொன்னதே இல்லை. "600 ரூபாய ஆறு பேர் பிரிச்சா ஆளுக்கு எவ்ளோடா வரும்"னு கேட்டா டக்குன்னு "நூறு"ங்கறான், "அப்ப 612க்கு எப்டிடா 12 வரும்"னு கேட்டதும் முகமே மாறிடுச்சு. மூளை இருக்குங்க. அவன் மேல எந்தக் குறையும் இல்லை. தப்பு பண்றோம்னே அவனுக்குத் தெரியாது, ஏன்னா அவன் கையில இருக்கற பேப்பர் வருஷா வருஷம் "நீ நல்லாதான் படிக்கிற"ன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கு. அவங்கம்மாகிட்ட பேசினேன், "பி1 வாங்கியிருக்கானே மிஸ்ஸு, அதான் நான் ட்யூஷனே வேணாம்னு வுட்டேன்"னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே அந்தக் கார்டுல "வகுத்தல் வரல"ன்னு தமிழ்ல ஒரு வரி இருந்திருந்தா அந்தம்மா யார் கால்ல விழுந்தாவது சொல்லிக் குடுக்க வெச்சிருப்பாங்க.

இது ஏதோ ஒரு பையனோட கதைன்னு நினைக்காதீங்க. 2025-26ல ஒன்பதாவது படிக்கிற இந்த பேட்ச்சைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 2020 மார்ச்ல ஸ்கூல் மூடினப்ப இவங்க மூணாவது. திரும்ப 2021 நவம்பர் 1ம் தேதி திறந்தப்ப அஞ்சாவது. கூட்டல் கழித்தல் தாண்டி பெருக்கல் வகுத்தல் உக்காந்து பழக வேண்டிய காலம் மொத்தமும் ஒரே ஃபோனை மூணு பிள்ளைங்க பிரிச்சுப் பாத்த வீட்லயே போயிடுச்சு, பல வீட்ல அந்த ஃபோனும் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23ல வந்துச்சு, நல்ல திட்டம், அரும்பு மொட்டு மலர்னு பசங்க எந்த இடத்துல இருக்காங்களோ அங்கேர்ந்து சொல்லிக் குடுக்கறது. ஆனா அது அப்ப ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும்தான், அடுத்த வருஷம் நாலு அஞ்சு வரைக்கும் போச்சு, அதுக்குள்ள இவங்க ஆறாவது தாண்டிட்டாங்க. எந்த வலையிலயும் சிக்காம நழுவிப் போன பேட்ச் இது. இவங்களுக்கு எல்லா வருஷமும் பாஸ், எல்லா வருஷமும் ஏ2, பி1. அடுத்த வருஷம் பத்தாவது பப்ளிக்.

2025-26ல 6ல இருந்து 9 வரைக்கும் "திறன்"னு ஆரம்பிச்சிருக்கீங்க, அதுக்கு உங்களுக்குக் கோடி நன்றி, இது ரொம்ப நாளா நாங்க எதிர்பார்த்தது. அடிப்படைத் தேர்வு வெச்சு, பின்தங்கின பசங்களைப் பிரிச்சு, தமிழ் இங்கிலீஷ் கணக்கு தனியா சொல்லித் தர்றீங்க. ஆனா என்கிட்ட வர்ற ஒரு பொண்ணு திறன் கிளாஸ்லயும் இருக்கா, அவ போன வருஷ ரேங்க் கார்டுல இங்கிலீஷ் ஏ2வும் இருக்கு. ஒரே துறை, ஒரே பொண்ணு, ஒரு பேப்பர் "இவளுக்கு அடிப்படையே வரல"ங்குது, இன்னொரு பேப்பர் "80க்கு மேல"ங்குது. எது உண்மைன்னு உங்களுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். வீட்டுக்குப் போறது மட்டும் ரெண்டாவது பேப்பர்.

மார்க் எப்படி வருதுன்னும் எனக்குத் தெரியும், ஏன்னா எங்க பசங்க அதை என் கண்ணு முன்னாலதான் தயார் பண்றாங்க. 2012-13ல சிசிஇங்கற தொடர் மதிப்பீட்டு முறை வந்தப்ப, பருவம் நடுவுல போடற எஃப்ஏவுக்கு 40, பருவக் கடைசிப் பரீட்சையான எஸ்ஏவுக்கு 60னு பிரிச்சாங்க, அந்த 40ல 20 செயல்பாட்டுக்கு, 20 சின்னச் சின்ன டெஸ்ட்டுக்கு. யோசனை அருமையானது, ஒரே பரீட்சையில பிள்ளைங்கள எடை போடக் கூடாது, கையால செஞ்சு கத்துக்கணும்னு. நடக்கறது என்னன்னா, மார்க் அப்லோட் பண்ற வாரத்துல ஸ்கூல் வாசல்ல இருக்கற ஜெராக்ஸ் கடையில கூட்டம் நிக்கும். நீர் சுழற்சி ஒரு ஷீட், செரிமான மண்டலம் ஒரு ஷீட், தலைவர்கள் படம் ஒரு ஷீட், பசங்க காசு குடுத்து வாங்கி சார்ட்ல ஒட்டி பேரு எழுதிக் குடுத்துடுவாங்க. 10க்கு 10. போன வருஷம் ஏழாவது படிச்ச ஒரு பொண்ணு வெந்தயத்தை மூணு டப்பாவுல போட்டா, ஒண்ணுல தண்ணியும் வெளிச்சமும், ஒண்ணுல தண்ணி மட்டும் இருட்டுல, ஒண்ணுல தண்ணியே இல்லாம. தினமும் ஸ்கேல் வெச்சு அளந்து நோட்ல எழுதினா, இருட்டுல வெச்சது வேகமா வளர்ந்து வெளுத்துப் போயிருக்குன்னு அவளே கண்டுபிடிச்சு என்கிட்ட ஓடி வந்து காட்டினா, அந்த மூஞ்சில இருந்த சந்தோஷத்தை நீங்க பாத்திருக்கணும். அவளுக்கும் 10, கடையில வாங்கி ஒட்டினவனுக்கும் 10. ஒண்ணுமே குடுக்காத ரெண்டு பேருக்கு 9. வந்து கேட்டா: "அப்ப நான் எதுக்குக்கா பண்ணணும்?"

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. நீங்கதான் பதில் சொல்லணும். பொறுப்பு பொறுப்புன்னு காலைல ப்ரேயர்ல பேசறோம், பசங்களுக்குப் பொறுப்பே இல்லைன்னு ஸ்டாஃப் ரூம்ல வருத்தப்படறோம், ஆனா செஞ்சாலும் 10 செய்யலைன்னாலும் 9னு நாமளே எழுதிக் குடுத்துட்டா பொறுப்பு எங்கேர்ந்து வரும்? பசங்க ரொம்ப கூர்மையானவங்க. நாம வாயால என்ன சொல்றோம்ங்கறதை அவங்க கேக்கறதே இல்லை, கையால என்ன மார்க் போடறோம்ங்கறதைப் பாத்துதான் கத்துக்கறாங்க. "ஹோம்வொர்க் எங்கடா"ன்னா "அதான் பாஸ் போட்ருவாங்கல்ல மிஸ்ஸு, இன்னாத்துக்கு டென்ஷனு"ங்கறான் ஒருத்தன், அவன் திமிர்ல சொல்லல, அவன் பாத்த எட்டு வருஷத்தைச் சொல்றான்.

வட சென்னைல பொறந்தவங்களுக்கு கேரம் தெரியாம இருக்காது, நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024ல உலகக் கோப்பையையே தூக்கிட்டு வந்தாங்க. கேரம்ல ஸ்ட்ரைக்கரை பாக்கெட் பண்ணிட்டா ஃபவுல், எடுத்த காயின்ல ஒண்ணை போர்டுல திருப்பி வைக்கணும். அதுக்காக ஆட்டத்தை விட்டு யாரும் வெளியே அனுப்ப மாட்டாங்க, அவன் ஆட்டத்துலயேதான் இருப்பான், ஆனா வெச்ச காயினை அவனேதான் மறுபடி எடுக்கணும். நான் ஸ்கூல்ல கேக்கறது அவ்ளோதான்.

ஆல் பாஸோட விளைவு எப்பவும் கொஞ்ச வருஷம் கழிச்சுதான் கண்ணுக்குத் தெரியும். 2021 பிப்ரவரில 9, 10, 11 மூணு கிளாஸுக்கும் பரீட்சையே இல்லாம பாஸ்னு அறிவிச்சாங்க, அது பேரிடர் காலம், வேற வழியே இல்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாவது சர்டிஃபிகேட்ல மார்க்கே இல்லை, தேர்ச்சின்னு மட்டும்தான் இருந்துச்சு. அந்த பேட்ச் 2023 மார்ச்ல ப்ளஸ் டூ எழுதினப்ப முதல் நாள் தமிழ் பேப்பருக்கே கிட்டத்தட்ட 50,000 பேர் வரல. தமிழ்நாடே அதிர்ச்சி ஆச்சு, நியாபகம் இருக்கும். அத்தனை பேரும் ஒரே காரணத்துக்காக வராம போனாங்கன்னு நான் சொல்லல, குடும்பக் கஷ்டம், வேலை, கல்யாணம், எல்லாம் இருந்திருக்கும். ஆனா அதுல எங்க தெரு பையன் ஒருத்தன் என்கிட்ட சொன்னது இதுதான்: "ஹாலுக்குப் போயி உக்காந்து இன்னா எழுதறது, ஒண்ணும் தெரியாது." பத்தாவதுல பாஸ்னு பேப்பர் குடுத்தோம், ஆனா அதுக்கப்புறம் அவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு விட்டதைச் சொல்லிக் குடுக்கல. பாஸ் போட்டதுல தப்பு இல்லை, பாஸ் போட்டதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சதுதான் தப்பு.

ஒன்பதாவது தாண்டினதும் என்ன நடக்குதுன்னு ஹெச்எம்களுக்குத் தெரியாதது இல்லை. எட்டு வருஷம் ஏ2 வாங்கினவன் திடீர்னு "மெல்லக் கற்கும் மாணவர்" ஆயிடறான். மினிமம் மெட்டீரியல்னு ஒரு ஜெராக்ஸ் கட்டு கையில குடுத்துடறோம். கணக்குல ஜியோமெட்ரி ஒரு எட்டு மார்க், கிராஃப் ஒரு எட்டு மார்க், ஒன் வேர்ட் 14, அங்கயே 30 வந்துச்சு, இன்னும் மூணு ரெண்டு மார்க் கணக்கு பாத்துக்கோ, 35 தாண்டிடலாம். நானும் இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன், ஜனவரில வந்து நிக்கற பையனுக்கு வேற என்ன பண்ண முடியும்? அந்த 35ஓட அவன் ஐடிஐ ஃபிட்டர் ட்ரேடுக்குப் போறான். அங்க வெர்னியர் காலிப்பர் வெச்சு 0.02 மில்லிமீட்டர் ரீட் பண்ணணும். தசமம் தெரியாது. ட்ரெய்னிங்ல சூப்பர்வைசர் மொத நாளே கண்டுபிடிச்சிடுவாரு, அவரு எங்க வீட்டுப் பிள்ளைங்கறதுக்காகவெல்லாம் கிரேஸ் மார்க் போட மாட்டாரு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்னு நம்மள சுத்தி இத்தனை கம்பெனி இருந்தும் நம்ம பசங்க காண்ட்ராக்ட் ஹெல்பராவே நிக்கறதுக்கு நிறைய காரணம் இருக்கு, சாதி இருக்கு, ஏரியா பேரைக் கேட்டாலே ஒதுக்கறது இருக்கு, அதையெல்லாம் நான் மறைக்கல. அதனாலதான் கேக்கறேன், ஏற்கெனவே இத்தனை தடை இருக்கறவன் கையில நாமளும் பொய்யான ஒரு பேப்பரைக் குடுத்து அனுப்பலாமா? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ரேங்க் கார்டு பொய் சொன்னாலும் வீட்ல படிச்ச அப்பா அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. எங்க பசங்களுக்கு அந்தக் கார்டை விட்டா வேற கண்ணாடி கிடையாது.

டீச்சருங்க மேல பழி போட இதை எழுதல. என் ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேர் டீச்சர்ஸ். அவங்க சொல்றதைக் கேட்டா வயிறு எரியுது. உண்மையா 28 மார்க் போட்டா ரிவ்யூ மீட்டிங்ல எழுப்பி நிக்க வெச்சு "உங்க சப்ஜெக்ட்ல மட்டும் ஏன் இப்படி"ன்னு கேள்வி, விளக்கம் எழுதிக் குடு, 17ஏ வருமோ 17பி வருமோன்னு, அதாவது துறை நடவடிக்கை மெமோ வருமோன்னு பயம். 60 போட்டா ஒரு கேள்வி இல்லை. எமிஸ்ங்கற மாணவர் விவர வெப்சைட்ல என்ட்ரி போடவே பாதி நாள் போகுது, நடுவுல பிஎல்ஓன்னு வாக்காளர் பட்டியல் வேலை வேற. உண்மை எழுதினா தண்டனை, பொய் எழுதினா நிம்மதின்னு மேல இருந்து ஏற்பாடு பண்ணி வெச்சிட்டு, கீழ இருக்கற டீச்சரை மட்டும் நேர்மையா இருன்னா எப்படி இருப்பாங்க?

சட்டம் இதுக்கு எதிரா இருக்குன்னும் சொல்ல முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 16வது பிரிவை எல்லாரும் மனப்பாடமா சொல்றாங்க, யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு (2019 திருத்தத்துக்கு அப்புறம் அஞ்சாவது, எட்டாவதுல மட்டும் அரசு விரும்பினா நிறுத்தலாம்). அதே சட்டத்துல 24வது பிரிவை யாரும் சொல்றதே இல்லை. ஒவ்வொரு குழந்தையோட கற்கும் திறனையும் டீச்சர் மதிப்பிடணும், தேவைப்பட்டா கூடுதலா சொல்லிக் குடுக்கணும், அப்பா அம்மாவை அடிக்கடி கூப்பிட்டு பிள்ளை ஒழுங்கா வருதா, எவ்ளோ கத்துக்கிட்டு இருக்குன்னு தெரியப்படுத்தணும்னு அதுல இருக்கு. நிறுத்தி வைக்காதே, ஆனா உண்மையைச் சொல்லு, விட்டதைச் சொல்லிக் குடு. மூணும் சேர்ந்ததுதான் சட்டம். நாம முதல் பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது, பெரிய செலவு எதுவும் இல்லாதது. ரேங்க் கார்டுல கிரேடு இருக்கட்டும், அது பக்கத்துலயே பிள்ளைக்கு என்ன வரும், என்ன வரலன்னு ரெண்டு வரி தமிழ்ல எழுதச் சொல்லுங்க, படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளையே வாசிச்சுக் காட்டட்டும். திறன் தேர்வுல பிள்ளை எங்க இருக்குன்னு அதே கார்டுல வரட்டும், பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா, மத்தவங்க காதுல விழாம, சொல்லட்டும். செயல்பாடு குடுக்காதவனுக்கு இலவசமா 9 வேணாம், முட்டையும் வேணாம், "இன்னும் வரல"ன்னு எழுதுங்க, ரெண்டு வாரம் டைம் குடுங்க, கொண்டு வந்தா முழு மார்க் போடுங்க, வரலைன்னா வரலன்னே கார்டுல போகட்டும். தோத்துப் போன டெஸ்ட்டை மறுபடி எழுத விடுங்க, எத்தனை தடவை வேணாலும், ஆனா அவனே படிச்சு அவனே எழுதணும். எட்டாவது முடிக்கறப்ப அடிப்படை வராத பிள்ளைக்கு மே மாசத்துல மத்தியானம் வரைக்கும் கிளாஸ் வையுங்க, சாப்பாடும் போட்டு, ஜூன்ல ஒன்பதாவதுல கூட்டிக்கிட்டுப் போங்க. எங்க ஏரியாவுல இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா பாடம் சொல்லிக் குடுத்த பொண்ணுங்க எத்தனையோ பேர் இதுக்குத் தயாரா இருப்பாங்க, நானும் வரேன், சம்பளம் வேணாம்.

அதிகாரிகளுக்கு மட்டும் ஒண்ணு. ரிவ்யூ மீட்டிங்ல பாஸ் பர்சன்ட்டேஜ் கேக்கறதைக் கீழ் கிளாஸுக்காவது நிறுத்துங்க. ஜூன்ல 28 வாங்கினவன் டிசம்பர்ல 41 வாங்கினானான்னு கேளுங்க. உண்மையா 28 போட்ட டீச்சருக்கு எந்த மெமோவும் வராதுன்னு எழுத்துல ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க, வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, நம்பாம இருக்க அவங்களுக்குக் காரணமும் இருக்கு.

அப்புறம் பதினொண்ணாவது பப்ளிக்கை எடுத்துட்டீங்க, பிள்ளைங்களுக்குத் தொடர்ந்து மூணு வருஷம் பப்ளிக்னா பாரம்தான், ஏத்துக்கறேன். ஆனா பப்ளிக் இல்லாத வருஷம்னா ஸ்கூல் போடற மார்க்தான் அந்த வருஷத்துக்கு ஒரே சாட்சி. அதுவும் எட்டாவது ரேங்க் கார்டு மாதிரி ஆயிடாம இப்பவே பாத்துக்கோங்க.

அந்த 612 பையன் இப்ப வகுத்தல் ஒழுங்கா போடறான். முதல் ரெண்டு வாரம் அழுதான், கோவப்பட்டான், "எட்டு வருஷமா யாருமே சொல்லலையே மிஸ்ஸு"ன்னு கேட்டான். அப்புறம் அவனே தினம் பத்துக் கணக்கு எழுதி எடுத்துக்கிட்டு வர ஆரம்பிச்சான், நான் கேக்காமலே. உண்மை தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்கன்னு நினைச்சு நாம மறைக்கறோம், எங்க பசங்க அப்படி உடையறவங்க இல்லைங்க.

அரையாண்டு ரேங்க் கார்டு வரப் போகுது. வட சென்னைல பத்து ஸ்கூல்ல மட்டுமாவது அந்த ரெண்டு வரியை இந்த வாட்டியே எழுத அனுமதி குடுங்க. கார்டை வாங்க வர்ற அம்மாக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேணும்னா நாங்க வந்து நிக்கறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைல இருந்து
ஒரு ட்யூஷன் டீச்சர்